குறுகிய பக்கம் மேலே

வியாழக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் தம்பியும் இருக்கிறோம். நீங்கள் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் பேசியதை எண்ணிப் பார்த்தேன். பதினொரு "ம்", இரண்டு "சரி", கடைசியில் "பின்னாடி ஆள் நிக்கிறாங்க". புது வேலையில் சேர்ந்து ஐந்து வாரமாகிறது. உங்கள் அறைக்கு ஜன்னல் உண்டா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தில் நான் பேசும்போது லைன் கட்டாகாது.

தம்பியைத் திங்கட்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு எதுவும் இல்லையாம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் அவனிடமே சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டு, "அப்போ செருப்பு தேயாது" என்றான். சிரிப்பதா வேண்டாமா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

முன்னறையில் இருந்த மேஜையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுக் கட்டில் போட்டிருக்கிறேன். ஜன்னலைப் பார்த்தபடிதான் படுப்பேன் என்று அடம். அந்த ஜன்னலில் என்ன தெரியும் என்று உங்களுக்குத் தெரியாதா, கல் உடைக்கிற கிரஷரின் பெல்ட்டும் ஜல்லி சலிக்கிற சல்லடைக் கூண்டின் தகரக் கூரையும்தான். வேண்டாமடா என்றேன், கேட்கவில்லை. சல்லடையில் கம்பி வலை இருந்த காலமென்றால் கண்ணை மூடிக்கொண்டே சல்லடை ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லிவிடலாம், அதற்குப் பதிலாக ஓட்டை போட்ட ரப்பர் மேட் வந்த பிறகு தூசி எழும்புகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்கிறான். சல்லடையின் சத்தம் குறைந்துவிட்டது, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய நம் வீட்டு வாய் மட்டும் குறையவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டையா என்று பக்கத்து வீட்டம்மா நேற்று வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அவனே கதை சொல்கிறான். அன்று காலையிலிருந்தே சல்லடை ஓட்டைகளில் கல் செருகிக்கொண்டிருந்ததாம். செருகினால் நிறுத்திவிட்டு உள்ளே ஏறிச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். ஏறும் முன்னால் நாற்பத்திரண்டு படி இறங்கி, பேனல் ரூமில் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்ப ஏறி வர வேண்டும். "எட்டு தடவை இறங்கி ஏறுனேன். ஒன்பதாவது தடவை சோம்பேறித்தனம் பண்ணிட்டேன். பக்கத்துல இருந்த ஸ்டாப் பட்டனை அமுக்கிட்டு உள்ள போயிட்டேன்." கண்ட்ரோல் ரூமில் இருந்தவருக்கு இவன் உள்ளே இருப்பது தெரியாது. ஏதோ தானாக நின்றுவிட்டது என்று மறுபடியும் ஓடவிட்டார். பெல்ட்டில் காத்திருந்த கல்லெல்லாம் இவன் முதுகில் விழுந்தது. எல்லோரிடமும் அதே வார்த்தைகளில் ஒப்பிக்கிறான். வந்தவர்களும் தலையை ஆட்டி, இன்னும் ஒரு தடவை இறங்கியிருக்கலாமே என்கிறார்கள். கொடுத்த டீயைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளலாம் போல வருகிறது எனக்கு.

உங்கள் நீலச் சட்டையின் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்து இத்துடன் அனுப்புகிறேன். "மறுபக்கம் இருக்கே" என்று நீங்கள் சொல்வது தைக்கும்போது காதில் விழுந்தது. தம்பியிடம் சொன்னேன். இங்கே கிரஷரில் நீங்கள் ஃபிட்டராக இருந்தபோது எல்லோரும் உங்களுக்கு மறுபக்கம் என்றே பெயர் வைத்திருந்ததை உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னை எச்சரித்தான். சொல்லிவிட்டேன். தேய்ந்த தகடு, தேய்ந்த செருப்பு, அமுங்கிப்போன மெத்தை, எதையும் ஒரு பக்கத்தோடு தூக்கிப் போட உங்களுக்கு மனசு வராது. என்னையும் இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள்.

மாமா என் வைத்தியச் செலவுக்காகத்தான் அவ்வளவு தூரம் வேலைக்குப் போனார் என்று தினமும் ஒரு தடவையாவது சொல்கிறான். அவனுக்கு ஒரு வரி தனியாக எழுதுங்கள். சந்தோஷப்படுவான்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். தூசியில் வாயைக் கட்டிக்கொண்டு வேலை பாருங்கள்.

உங்கள் அன்பு மனைவி.


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். நல்லபடியாக விசாரித்து எழுத வரவில்லை. நேராகவே எழுதுகிறேன்.

மறுபடியும் கிரஷருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். காலையில் தம்பியைப் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்கிறார். என் சோதனை அறை அப்படியே இருக்கிறது. அதே கைச்சல்லடைகள், அதே தராசு, அதே நோட்டு. குவியலிலிருந்து ஒரு வாளி ஜல்லி எடுத்துச் சலித்து, எந்த அளவில் எவ்வளவு நின்றது என்று எழுதுகிற வேலைதானே. கை தானாகச் செய்கிறது.

போன வாரம் ரப்பர் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். பழைய மேட்டுகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்றரை வருஷம் உழைக்க வேண்டியது எப்படிப் பதினொரு மாதத்தில் போயிற்று என்று பார்க்க வந்திருந்தார். ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த பழைய மேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு துண்டு அறுத்து எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். கூடவே போர்மேன். என் தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து அந்த ஓட்டையில் போட்டார். விழுந்து மேஜையில் உருண்டது. துண்டைத் தலைகீழாக வைத்து அதே கல்லைப் போட்டார். பாதியில் நின்றுவிட்டது. கட்டை விரலால் அமுக்கினார். இன்னும் இறுகிக்கொண்டது.

ஓட்டை மேலே குறுகியும் கீழே போகப்போக அகன்றும் இருக்குமாம். குறுகிய வாயில் நுழைந்த கல் அதற்குப் பிறகு எங்கேயும் தட்டாமல் விழுந்துவிடும். தலைகீழாகப் போட்டால் அகன்ற வாயில் தாராளமாக நுழைந்து அடியில் மாட்டிக்கொள்ளும். பிறகு அந்தத் துண்டின் இரண்டு பக்கத்தையும் தடவிக் காட்டினார். "ரெண்டு பக்கமும் கல்லு அடிச்சிருக்கு பாருங்க. தகட்டைப் புரட்டுற மாதிரி இதையும் புரட்டியிருக்காங்க. பழைய ஃபிட்டருங்க செய்யறதுதான்." யார் மாட்டியது என்று கேட்டார். போர்மேன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். நான் தெரியாது என்று சொன்னேன்.

எத்தனை நாள் அப்படி இருந்திருக்கும் என்று பார்க்க என் நோட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் விரல் வைத்த இடத்தையெல்லாம் நானும் படித்தேன், என் கையெழுத்துத்தான். விபத்து நடந்த வாரம் செவ்வாய் வரைக்கும் அளவு கொஞ்சம் பெரிதாக வந்துகொண்டிருந்தது, மேட் தேய்ந்துவிட்டது. புதன்கிழமையிலிருந்து பெரிய ஜல்லிக் குவியலில் பொடிக்கல் கலந்து வந்திருக்கிறது, ஓட்டை அடைத்தால் பொடி கீழே விழ வழியில்லை. வியாழன், வெள்ளி, விபத்து நடந்த சனி, அதே கதை. நான் ஓரத்தில் "ஏன்?" என்றுகூட எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், ஷிப்டு மாறி வந்த பெண் எழுதியிருக்கிறாள். செவ்வாய்க்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே. புது மேட் போட்டிருந்தால் அளவு சரியாகியிருக்கும். சரியாகவில்லை. பழையபடி ஆகியிருக்கிறது, நடுவில் யாரோ மேட்டைத் திரும்ப நேராகப் புரட்டியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, ஒரு சின்ன வேலை இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று போனீர்கள். கையில் ரப்பர் வாடையோடு திரும்பி வந்தீர்கள். அந்தக் கையால் எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

மிச்சம் பிடிக்கலாம் என்று புரட்டிப் போட்டதற்கு நான் உங்களை ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீங்கள் அப்படித்தான், அது தெரிந்துதான் உங்களோடு இருக்கிறேன். ஆனால் வியாழக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி உங்களிடம் சொன்னான், மாமா கல்லு ரொம்பச் செருகுது, மேட்டே சரியில்லை என்று. நான்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நிறுத்தும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். தலை நிமிரவில்லை. அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நடுவாரத்தில் நிறுத்தினால் ஏன் என்று மேனேஜர் கேட்பார், பெயர் கெட்டுப்போகும். வெள்ளி, சனி, இரண்டே நாள்தானே என்று நினைத்திருக்கிறீர்கள்.

எட்டு தடவை இறங்கி ஏறினான். சாதாரண நாளில் ஒரு தடவை இறங்குவான், சில நாள் அதுவும் இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ரப்பர்காரர் அந்தத் துண்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நீங்கள் கம்பெனிக்கு எழுத வேண்டாம், போலீசுக்கு எழுத வேண்டாம். அவனுக்கு எழுதுங்கள். நான்தான் புரட்டிப் போட்டேன், உன் சோம்பேறித்தனம் இல்லை என்று இரண்டு வரி. படுத்துக் கிடக்கிறவன் அந்தப் பாரத்தையாவது தூக்கிக் கீழே வைக்கட்டும்.

உங்கள் மனைவி.


திங்கட்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சட்டை வந்து சேர்ந்ததும், காலர் சரியாக உட்கார்ந்திருப்பதும், அங்கே மண் சிவப்பாக இருப்பதும் தெரிந்துகொண்டேன். அறைக்கு ஜன்னல் உண்டு என்பதும் தெரிந்தது. கடைசியில் "மற்றவை நேரில்" என்று எழுதியிருக்கிறீர்கள். நேரில் என்றால் எப்போது என்று எழுதவில்லை.

தம்பிக்கு என்று ஒரு வரி இருக்கிறது, "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று. படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். மாமா எழுத்து சிறுத்துவிட்டது, வேலை ஜாஸ்தி போல என்றான்.

அவனுக்கு இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டம்மாவால் தனியாகப் புரட்ட முடியவில்லை. நான் வந்து புரட்டும்போது அவனுக்கு வலி தெரியாது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேற்றுச் சிரித்துக்கொண்டே, "மாமா இருந்தா கரெக்டா டைமுக்குப் புரட்டிப் போடுவாரு" என்றான். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி வீட்டுக்கே வருகிறார். மேனேஜர் ஒரு காகிதம் தயார் செய்து அனுப்பியிருக்கிறார். விதியை மீறி, சொந்தக் கவனக்குறைவால் என்று எழுதியிருக்கிறது. தம்பி கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறான். போடவில்லையென்றால் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டரைப் பிடித்துவிடுவார்களாம், அவருக்கு இரண்டு குழந்தைகள், என் தப்புக்கு அவர் ஏன் அனுபவிக்க வேண்டும் என்கிறான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டான். மருந்துக்கு நேரமாகிறது என்றேன்.

ரப்பர் துண்டு என்னிடம் இருக்கிறதே, நீயே சொல்லிவிடேன் என்று நீங்கள் நினைக்கலாம். நினைப்பீர்கள். பொறுப்பை என் கையில் கொடுத்துவிட்டு அங்கே சிவப்பு மண்ணில் நடக்கலாம் என்று நினைப்பீர்கள். என்னால் முடியாது. உங்களைக் காட்டிக்கொடுத்தால் அவனுக்குக் கால் வரப் போவதில்லை, மாமாவும் இல்லாமல் போவார். அவனுக்கு இப்போது இருப்பது இந்த ஜன்னலும் மாமாவும்தான். அதை நான் எடுத்தால் பிடுங்கியதாகும், நீங்களே சொன்னால் மன்னிப்பான். அவனை எனக்குத் தெரியும், அரை மணி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான், பிறகு மாமா சாப்பிட்டாரா என்று கேட்பான்.

கோபமாக எழுதிவிட்டேன். கோபம்தான். ஆனாலும் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமைக்குள் வந்து சேருகிற மாதிரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் போன் செய்யுங்கள். அவன் காதில் நான் வைக்கிறேன். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் நிற்கட்டும்.

உங்கள் மனைவி.


ஞாயிற்றுக்கிழமை

உங்களுக்கு,

வியாழக்கிழமை தபால்காரர் நம் வாசலைத் தாண்டிப் போனார். சாயங்காலம் வரைக்கும் போனை எடுத்துக் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒரு தடவை அடித்தது. கம்பளிக் கடையில் தள்ளுபடி என்று யாரோ.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டில் ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது, காலையில்தான் அந்த ரப்பர் துண்டை அதன் காலுக்கு அடியில் செருகியிருந்தேன். அதிகாரியின் பாதம் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். எடுத்தால் கட்டில் ஆடும், தம்பிக்குப் புண் உறுத்தும் என்றும் நினைத்தேன். உறுத்தாது என்று எனக்குத் தெரியும்.

காகிதத்தைப் படித்துக் காட்டினார். இதில் எதையாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டார். தம்பி இரண்டு வரி சேர்க்கச் சொன்னான். ஆபரேட்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பது ஒன்று. இன்னொன்றை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். "பூட்டுப் போடாம ஏறவே கூடாதுன்னு எங்க மாமா முதல் நாளே சொல்லியிருக்காரு. அதையும் எழுதிக்கோங்க சார். நாளைக்கு அவர் மேல யாரும் குத்தம் சொல்லக் கூடாது." அதிகாரி எழுதிக்கொண்டார். தம்பி கையெழுத்துப் போட்டான். படுத்தபடி போட்டதால் கோணிவிட்டது, இன்னொரு தாளில் திருத்திப் போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றார்.

உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா என்று என்னைக் கேட்டார். டீ ஆறிப்போகிறது, குடியுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் கதை சொல்வதில்லை. நேற்றுக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னான். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். புண் எலும்பு வரைக்கும் போய்விட்டதாக டாக்டர் சொன்னார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாப்பாடு இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. வேலையை விட்டுவிட்டேன். நேரத்துக்குப் புரட்டுகிறேன்.

இன்று காலையில் உங்களுக்கு எழுத வேண்டும் என்றான். பேனாவைப் பிடிக்க முடியவில்லை, அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு எழுத்து மாற்றாமல் கீழே தருகிறேன்.

"மாமா, நல்லா இருக்கீங்களா. நீங்க சொல்லிக் கொடுத்தபடி கேட்டிருந்தா இப்படி ஆயிருக்காது. என்னால நீங்க வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போய்க் கஷ்டப்படுறீங்க. உங்க பேரைக் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க. அக்கா இப்போல்லாம் கத்திப் பேசுறதே இல்லை, ஏன்னு தெரியலை. நீங்க வந்து கேளுங்க."

எழுதி முடித்துப் படித்துக் காட்டச் சொன்னான். படித்தேன். சரி என்றான். அவன் பூட்டின் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் மாமாவுக்கு அனுப்பிவிடு, பூட்டு ஸ்டோரில் இருக்கிறது, நல்ல பூட்டு, வீணாகக் கூடாது என்றான். கடித உறைக்குள் வைத்திருக்கிறேன். பார்த்துப் பிரியுங்கள், கீழே விழுந்துவிடும்.

வாருங்கள் என்று நான் இனி எழுத மாட்டேன். எழுதுங்கள் என்றும் எழுத மாட்டேன். வருவதானால் சீக்கிரம் வாருங்கள் என்று எழுதலாம்தான், அதுவும் உங்களுக்குத் தெரியாததில்லை.

ரப்பர் துண்டு கட்டில் காலுக்கு அடியிலேயே இருக்கிறது. குறுகிய பக்கம் மேலே இருக்கும்படிதான் வைத்திருக்கிறேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இதை மனசாரத்தான் சொல்கிறேன், சொல்லிவிட்டு எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அங்கே எந்தச் சல்லடையில் ஏறினாலும் கீழே இறங்கிப் போய் மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். ஒன்பதாவது தடவையாக இருந்தாலும் இறங்கிப் போங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா.